ஹோல் டிவியின் லினக்ஸ் பெட்டிக்கு இன்டெல் ஆர்க் ஏ310: வாங்கலாமா?

நான்காம் தலைமுறை ஐ5 புரொசெசர், எச்81 மதர்போர்ட், 8 ஜிபி ரேம், அதில் லினக்ஸ், அதற்கு மேல் கோடி (Kodi) என்ற படம் பார்க்கும் மென்பொருள். டிவிக்குக் கீழே இப்படி ஒரு பெட்டியைத் தாங்களே பூட்டி வைத்திருப்பவர்களுக்கான விமர்சனம் இது. 1080பி எச்.264 படம் என்றால் அந்தப் பெட்டியைப் பற்றி இன்றைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு 4கே டிவி வந்த பிறகுதான் தலைவலி. 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் எச்இவிசி 10-பிட் முறை ஃபைலைத் திறந்தால் படம் விட்டு விட்டு நகரும், சத்தம் முந்திக்கொண்டு போகும், சிபியு விசிறி இரையத் தொடங்கும். இதற்காகப் பெட்டியையே தூக்கிப் போட வேண்டாம். உயரம் குறைந்த, தனி பவர் வயர் கேட்காத இன்டெல் ஆர்க் ஏ310 கார்டு ஒன்று போதும். ஆனால் பயோஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்), கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), எர்த் (ப்ளக் பொயின்டின் தரை இணைப்பு) இந்த மூன்றையும் சரி பார்க்காமல் வாங்கினால் நல்ல கார்டையே பழுது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க நேரிடும்.

யார் வாங்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் புரொசெசர், உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கும் வகையாக இருந்தால், எச்இவிசி 10-பிட்டையும், யூடியூப் பயன்படுத்தும் விபி9 10-பிட்டையும் அதுவே டிகோட் செய்துவிடும், அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்கிவிடும். அப்படிப்பட்ட பெட்டியில் படம் தடுமாறினால் கோளாறு டிரைவரில் அல்லது செட்டிங்கில் இருக்கிறது. கார்டுக்குக் காசு போடாதீர்கள். இன்னும் புதிய சுருக்க முறையான ஏவி1 மட்டும்தான் பதினோராம் தலைமுறை வரை காத்திருக்க வைக்கும். கையில் பெட்டி எதுவுமே இல்லை, புதிதாகத்தான் தொடங்கப் போகிறோம் என்பவர்களுக்கு இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி இதைவிட நல்ல தேர்வு. அதுவும் ஏவி1 வரைக்கும் எல்லாவற்றையும் டிகோட் செய்யும், மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும். கார்டு வாங்குவதற்கு முன் அந்த மினி பிசியின் விலையையும், எட்டாம் தலைமுறை பழைய ஆபீஸ் கணினியின் விலையையும் ஒரு தடவை விசாரித்து வையுங்கள். பெட்டியில் நல்ல பவர் சப்ளையும், இரண்டு மூன்று ஹார்ட் டிஸ்க்கும், டிஷ் சனல்களை வாங்கும் டிவிபி டியூனர் கார்டும் ஏற்கனவே இருந்தால்தான் கிராஃபிக்ஸ் கார்டு போடுவது கணக்குக்கு வரும்.

நெட்ஃபிளிக்ஸை 4கேயில் பார்க்கத்தான் கார்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லினக்ஸ் பிரவுசருக்கு நெட்ஃபிளிக்ஸ் 4கே தருவதில்லை. அது உரிமப் பூட்டு சம்பந்தப்பட்டது, எந்தக் கார்டாலும் திறக்காது. யூடியூப் விஷயம் வேறு. அங்கே 1080பிக்கு மேலே போனால் விபி9 அல்லது ஏவி1 மட்டும்தான் வரும். நான்காம் தலைமுறை புரொசெசரின் உள் கிராஃபிக்ஸுக்கு இந்த இரண்டுமே தெரியாது. நமது மலையகத் தோட்டங்களில் ஃபைபர் வராத வீடுகளில் 4ஜி ரூட்டரும் மாத டேட்டா பொதியும்தான் வழி. ஒரே தரத்துக்கு ஏவி1 குறைந்த டேட்டாவில் முடித்துவிடுவதால், அதை ஹார்ட்வேரில் டிகோட் செய்யும் கார்டு அங்கே மாதா மாதம் பயன் தரும்.

சந்தையில் கிடைக்கும் மற்றக் கார்டுகளையும் பார்த்துவிடலாம். ஜிடி 710 எங்கேயும் கிடைக்கும், விலையும் குறைவு. சும்மா கொடுத்தாலும் வேண்டாம். எச்இவிசி டிகோட் இல்லை, 4கேயில் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது, என்விடியாவின் டிரைவர் ஆதரவும் 470 வரிசையோடு நின்றுவிட்டது. ஜிடி 1030 ஓரளவு நல்ல கார்டு, 30 வாட்தான். ஆனால் அதே பெயரில் இரண்டு விதம் விற்கிறார்கள்: ஜிடிடிஆர்5 நினைவகம் உள்ளது ஒன்று, டிடிஆர்4 நினைவகம் உள்ளது இன்னொன்று. இரண்டாவதன் நினைவக வேகம் முதலாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அட்டைப் பெட்டியில் சின்ன எழுத்தில்தான் போட்டிருக்கும். தவிர, இந்தக் கார்டு சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு 580 வரிசைதான் கடைசி டிரைவர். லினக்ஸ் கோடியில் என்விடியா கார்டு எதிலும் எச்டிஆர் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 லினக்ஸோடு அழகாக ஒத்துப்போகும், டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் ஏவி1 டிகோட்டை வெட்டிவிட்டார்கள், வீடியோவைச் சுருக்கும் என்கோடரும் அதில் கிடையாது. படம் பார்க்கும் பெட்டிக்கு அந்த இரண்டும்தானே முக்கியம்!

ஏ310இல் இந்தக் குறைகள் எதுவும் இல்லை. எச்.264, எச்இவிசி 10-பிட், விபி9, ஏவி1 எல்லாவற்றையும் டிகோட் செய்யும், ஏவி1இல் என்கோடும் செய்யும். 4 ஜிபி ஜிடிடிஆர்6 நினைவகம். ஸ்லொட்டிலிருந்து வரும் 75 வாட்டுக்குள் எல்லாம் அடங்கிவிடும். 50 வாட் என்று குறிப்பிட்டே வரும் மாடலும் உண்டு. கேம் விளையாட இது சுமாரான கார்டு, அந்த எண்ணம் இருந்தால் வேறு பாருங்கள். ஏ380 என்ற அண்ணன் கார்டில் வீடியோ டிகோட் செய்யும் பகுதி இதேதான், நினைவகம் 6 ஜிபி. ஆனால் அதில் சில மாடல்கள் 8-பின் பவர் வயர் கேட்கும், ஒல்லியான கேஸில் நுழையவும் நுழையாது. எச்81 போர்டின் ஸ்லொட் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 என்று தயங்க வேண்டாம். 4கே புளூரே டிஸ்க்கே வினாடிக்கு 150 மெகாபிட்டுக்குள்தான். சுருக்கிய வீடியோ கார்டுக்குள் போக அந்தப் பழைய ஸ்லொட்டே தாராளம். ரீசைஸபிள் பார் என்ற புதிய மதர்போர்ட் வசதி இல்லாவிட்டால் கேம் வேகம்தான் விழும், படம் பார்ப்பதற்கு அது தடையில்லை.

இனி முக்கியமான இடம். ஆர்க் கார்டுகளில் பழைய வகை வீடியோ பயோஸ் கிடையாது, அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ முறை மட்டும்தான். பழைய பெட்டிகளில் பலவற்றில் பயோஸ் அமைப்பில் பழைய முறைத் தொடக்கத்துக்கான சிஎஸ்எம் போடப்பட்டிருக்கும், லினக்ஸும் அந்தப் பழைய லெகஸி முறையில் நிறுவப்பட்டிருக்கும். அந்த நிலையில் கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டால் டிவியில் ஒன்றும் வராது. பயோஸ் திரைக்குள் போகவும் முடியாது, ஏனென்றால் அதையும் காட்ட வேண்டியது இந்தக் கார்டுதான். போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐக்கு வயரை மாற்றினாலும், கார்டைக் கண்டவுடன் உள் கிராஃபிக்ஸைத் தானாக அணைத்துவிடும் போர்டுகளில் அங்கேயும் இருட்டுதான். கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது இந்தக் கட்டத்தில்தான். கார்டைக் கழற்றினால் பழைய திரை திரும்பி வரும். வராவிட்டால் பட்டரியைக் கழற்றி, சிமோஸ் ஜம்பரைச் சில வினாடி இணைத்து மீட்டெடுக்கலாம்.

ஆகவே கார்டு வருவதற்கு முன்பே, உள் கிராஃபிக்ஸில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்து வையுங்கள். லினக்ஸில் சிஸ் என்ற கோப்புறைக்குள் ஃபெர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏற்கனவே யூஇஎஃப்ஐ முறையில்தான் ஓடுகிறது. பயோஸில் சிஎஸ்எம்மை அணைத்துவிட்டு ஒரு தடவை பூட் செய்து பார்த்தால் போதும். இல்லாவிட்டால் இரண்டு வழி. டிஸ்க்கை ஜிபிடி முறைக்கு மாற்றி, 512 எம்பியில் ஃபேட்32 பகுதி ஒன்று உண்டாக்கி, லினக்ஸைத் தொடக்கி வைக்கும் குரப்பின் ஈஎஃப்ஐ பதிப்பை நிறுவலாம். கை பழகியவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. பழகாதவர்கள் புதிதாக நிறுவிவிடுவது நல்லது. ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் கோடி ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்தால் நூலகம், ஆட்ஓன், பார்த்த இடக் குறிப்பு எல்லாம் அப்படியே திரும்பிவிடும். படங்கள் தனி டிஸ்க்கில் இருந்தால், நிறுவும்போது அந்த டிஸ்க்கின் எஸ்ஏடிஏ வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

எந்த லினக்ஸ்? ஆர்க் கார்டை எந்தத் தந்திரமும் இல்லாமல் அடையாளம் காண கெர்னல் 6.2 அல்லது அதற்கு மேல் வேண்டும். டெபியன் 12 தருவது 6.1, அதனால் பழைய பதிப்புக்கும் புதிய கெர்னல் தரும் பேக்போர்ட்ஸிலிருந்து ஒன்றைப் போட வேண்டியிருக்கும். டெபியன் 13இல் 6.12, உபுண்டு 24.04இல் 6.8, இரண்டிலும் பிரச்சினை இல்லை. கெர்னல் மட்டும் இருந்தால் போதாது, கார்டுக்குள் ஏற்றும் ஃபெர்ம்வேர் ஃபைல்களும் வேண்டும். டெபியன் 13இல் இன்டெல் கிராஃபிக்ஸ் ஃபெர்ம்வேர் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், பழைய பதிப்பிலிருந்து ஏறி வந்தவர்களிடம் அது விடுபட்டுப் போகலாம். விடுபட்டால் படம் வரும், ஆனால் கார்டின் வேகமும் வீடியோ என்கோடும் வேலை செய்யாது. பூட் பதிவில் குக், ஹக் என்ற இரண்டு ஃபெர்ம்வேர்களும் ஏறியதாக வரி இருக்க வேண்டும். வீட்டில் ஜெலிஃபின் என்ற வீடியோ சர்வர் வைத்து ஃபோன்களுக்கு வீடியோவை மாற்றிக் கொடுப்பவர்களுக்கு ஹக் கட்டாயம். ஜெலிஃபின் ஓடும் பயனரை ரெண்டர் குழுவில் சேர்க்க மறந்தால், கார்டு சும்மா இருக்க சிபியு கொதிக்கும்.

அடுத்து இன்டெல் மீடியா டிரைவர், டெபியனில் நான்-ஃப்ரீ பதிப்பு. நிறுவிய பிறகு விஏ-இன்ஃபோ கட்டளையை ஓட்டுங்கள். வரும் பட்டியலில் எச்இவிசி மெயின்10, விபி9 புரொஃபைல்2, ஏவி1 புரொஃபைல்0 மூன்றும், பக்கத்தில் விஎல்டி என்ற சொல்லோடு இருந்தால் டிகோடர் தயார். பட்டியல் வெறும் எச்.264, எம்பெக்-2 என்று முடிந்தால் அது பழைய உள் கிராஃபிக்ஸின் பட்டியல். இரண்டு கிராஃபிக்ஸும் உயிரோடு இருக்கும்போது இந்தக் குழப்பம் வரும், பயோஸில் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடுவதே சுத்தமான தீர்வு. பிறகு கோடியில் ஒரு 4கே படத்தை ஓடவிட்டு, கீபோர்டில் ஆங்கில ஓ எழுத்தை அழுத்துங்கள். டிகோடர் வரியில் விஏஏபிஐ என்று வர வேண்டும். வராவிட்டால் வேலை இன்னும் சிபியுவின் தலையில்தான்.

எச்டிஆர் வேண்டுமானால் டெஸ்க்டொப் மேல் ஓடும் கோடி உதவாது. திரையை நேரடியாகப் பிடிக்கும் ஜிபிஎம் முறை கோடி வேண்டும். இந்தப் பெட்டியில் படம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்றால் கோடியை ஓட்டுவதற்காகவே செய்யப்பட்ட லினக்ஸான லிப்ரெஎலெக்கின் ஜெனரிக் பதிப்பைப் போட்டுவிடுங்கள், மேலே சொன்ன கெர்னல், ஃபெர்ம்வேர், டிரைவர் சமாசாரம் எல்லாம் அதில் அடங்கி வருகிறது. டொல்பி விஷன் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். புரொஃபைல் 5 ஃபைல்களில் முகங்கள் ஊதாவும் பச்சையுமாகத் தெரிந்தால் கார்டைத் திட்டாதீர்கள். அந்த ஃபைலை இந்த வழியில் பார்க்க முடியாது, எச்டிஆர்10 பதிப்பைத் தேடுங்கள்.

படம் வந்தும் சத்தம் வராவிட்டால் பதற்றம் வேண்டாம். கார்டு மாறியதால் எச்டிஎம்ஐ ஒலிச் சாதனத்தின் எண்ணும் மாறியிருக்கும், கோடியின் ஒலி அமைப்பில் புதியதைத் தெரிவு செய்யுங்கள். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிந்தால், அல்லது கறுப்புக்குள் எல்லாமே மூழ்கிப் போனால், டிவியும் கார்டும் வேறு வேறு வண்ண வரம்பில் பேசிக்கொள்கின்றன. இரண்டையும் லிமிட்டெட் அல்லது இரண்டையும் ஃபுல் ஆக்குங்கள். கோடியில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதியைப் போட்டு, 23.976, 24, 25, 50, 60 ஐந்தையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். டிஷ் வழியாக வரும் சனல்களும் பழைய டிவிடிகளும் 25, 50 கணக்கில் இருப்பவை. 60இல் ஓட்டினால் திரையின் அடியில் ஓடும் செய்தி வரி தட்டித் தட்டி நகர்வது கண்ணுக்கே தெரியும். டிவியின் எச்டிஎம்ஐ அமைப்பில் அந்தப் பொயின்ட்டுக்கு மட்டும் அல்ட்ரா எச்டி நிற வசதியைப் போட மறக்க வேண்டாம், அது அணைந்திருந்தால் 4கே 60 முழு நிறத்தோடு வராது. வயரும் 18 ஜிகாபிட் தரத்தில், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். நீள மலிவு வயர்களில் இடைக்கிடை திரை கறுத்து மீள்வது வயரின் குணம்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லயன் வீடுகளிலும் பழைய குவார்ட்டர்ஸ்களிலும் ப்ளக் பொயின்டில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. அப்படிப்பட்ட பொயின்டில் போட்ட கணினியின் கேஸைப் புறங்கையால் தடவினால் ஒரு சிலிர்ப்பு தெரியும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கொண்டென்சர்கள் வழியாக, எர்த் கிடைக்காத கேஸில் 230இன் பாதி வோல்டேஜ் மிதந்துகொண்டிருக்கிறது. கரண்ட் மிகக் குறைவுதான். ஆனால் அந்த நிலையில் டிவியும் கணினியும் ஓடும்போதே எச்டிஎம்ஐயைச் செருகினால், வெளி உலோகம் தொடுவதற்கு முன் சிக்னல் பின் தொட்டுவிட்டால் போதும், கார்டின் பொயின்ட்டும் டிவியின் பொயின்ட்டும் சேர்ந்து போய்விடலாம். இரண்டின் ப்ளக்கையும் சுவரிலிருந்து கழற்றிய பிறகே வயரைச் செருகுங்கள். கார்டுக்குச் செலவழிக்கும் முன் இலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் ரொட் அடித்துக்கொள்வது இன்னும் நல்லது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் வரும்போது ப்ளக்கைக் கழற்றுவது மட்டும் போதாது. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிள் டியூனர் கார்டுக்குள் போகிறது, அல்லது டிஷ் பொக்ஸ் வழியாக டிவிக்கும் அங்கிருந்து எச்டிஎம்ஐயில் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் போகிறது. கூரை மேல் இருக்கும் அந்த உலோகத் தட்டு வாங்கும் அதிர்ச்சி இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. டிஷ் கேபிளையும், செப்பு வயரில் வரும் டெலிபோன் லைனையும் கழற்றி வையுங்கள். மின்சார லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் விழுவதும் உண்டு. 100 முதல் 240 வரை ஏற்கும் பவர் சப்ளை அதைத் தாங்கும். பின்னால் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் வைத்த மலிவு சப்ளைகள் தாங்காது. புதுக் கார்டை அதில் மாட்ட வேண்டாம்.

ஏ310இன் உண்மையான குறைகள் இரண்டு. ஒன்று, சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிப்பது. பயோஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு வசதியை எல்1 நிலைக்குப் போட்டால்தான் கார்டு ஒழுங்காகத் தூங்கும். எச்81 போர்டுகள் பலவற்றில் அந்த வசதியே இருக்காது. கெர்னல் வழியாகக் கட்டாயப்படுத்தலாம்தான், ஆனால் பழைய போர்டில் அது கணினியை உறைய வைக்கக்கூடும். 15 வாட் வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரமும் ஓடும் பெட்டியில் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 11 யூனிட். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் நமது கட்டண முறையில் அது அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். ஏஎஸ்பிஎம் இல்லாத போர்டு என்றால் பார்த்து முடிந்ததும் பெட்டியை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது, விசிறி. குறைந்த உயர ஏ310 கார்டுகள் சிலவற்றில் விசிறி ஓயாமல் வேகம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். சத்தம் பெரிதல்ல, ஆனால் இரவில் மெல்லிய வசனம் ஓடும்போது அந்த ஏற்ற இறக்கம் காதை உறுத்தும். லினக்ஸிலிருந்து விசிறியைக் கட்டுப்படுத்த வழியில்லை. கார்டின் ஃபெர்ம்வேரைப் புதுப்பித்துப் பார்க்கலாம்; இன்டெல்லின் விண்டோஸ் டிரைவர் நிறுவியிலேயே அது அடங்கியிருப்பதால், வேறொரு டிஸ்க்கில் விண்டோஸ் போட்டு ஒரு தடவை ஓட்டினால் போதும். வாங்கும்போது கடையிலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை மலையகத்துக்குச் சாதகமும் பாதகமும் உண்டு. 1868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் அதே விசிறி அதே வேகத்தில் குறைந்த சூட்டைத்தான் அள்ளும். ஆனால் அறை வெப்பம் கொழும்பைவிடப் பத்துப் பாகைக்கு மேல் குறைவாக இருப்பதால் அது ஈடுகட்டிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது ஈரம். நாள்கணக்கில் அணைத்து வைத்த பெட்டியில், மூடுபனி காலத்தில், கார்டின் தங்கப் பற்களில் மங்கலான படலம் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். விறகு அடுப்போ கணப்போ எரியும் வீட்டில் புகைக்கரி தூசியோடு ஒட்டி விசிறி இதழ்களில் பசையாகப் பிடிப்பதால் வெறும் ஊதலுக்கு அசையாது, பிரஷ் வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி, தரையில் வைக்க வேண்டாம்.

வாங்குமிடம்: கொழும்பு, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கடை கடையாக ஏறி இறங்கி விலை கேட்கலாம். ஹட்டன், பண்டாரவளை, கண்டிக் கடைகளில் சொல்லி வைத்து எடுப்பித்தால் கொஞ்சம் விலை கூடும், ஆனால் உத்தரவாதத்துக்காகக் கொழும்புக்கு அலைய வேண்டாம் என்பதால் அந்த வித்தியாசம் பெறுமதியானது. குறைந்த உயரக் கேஸுக்கான சின்னத் தகடு பெட்டிக்குள் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள், தனியாகத் தேடினால் கிடைக்காது. டிவிக்குப் போக முழு அளவு எச்டிஎம்ஐ ஒன்றாவது இருக்க வேண்டும். மற்றவை மினி டிஸ்ப்ளேபோர்ட்டாக இருக்கும். கடையில் சோதித்துக் காட்டச் சொல்லும்போது யூஇஎஃப்ஐ போர்டில் போடச் சொல்லுங்கள். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கட்டும். எரிந்த தடம், துரு, மின்னல் சேதம் இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்ற வரியை வாசித்துவிட்டே காசு கொடுங்கள், பழைய கார்டு இருந்தால் மாற்றி எடுப்பார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.